படம் கையில் இருக்கட்டும்

கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில், தாத்தா பாட்டியின் படம் கூடத்துச் சுவரில் மாலையுடன் விளங்குகிறது. ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த படம் அது. நம் பேரக் குழந்தைகளின் படங்களோ ஆயிரக்கணக்கில் செல்பேசிக்குள் அடைந்து கிடக்கின்றன. செல்பேசி தொலைந்தால், வேறிடத்தில் சேமித்து வைக்காதவை யாவும் போயின. ஆகவே முக்கியமானவற்றைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்தல் அவசியம். அதற்கேற்ற கடையைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

முதலாவது, அச்சிடும் முறையைக் கேட்டறிய வேண்டும். வெள்ளி உப்புப் பூசிய காகிதத்தில் ஒளியைப் பாய்ச்சி, ரசாயனக் கரைசலில் பதப்படுத்தி எடுப்பது கலர் லாபுகளின் பழைய முறை. இங்க்ஜெட் இயந்திரம் மையைத் துளித்துளியாகத் தெளிக்கிறது; அதில் சாய மையைவிட நிறமித்துகள் மை பெரும்பாலும் நெடுங்காலம் நிலைக்கும். மும்பையின் மழைக்காலத்து ஈரத்தை எண்ணினால் இவ்வேறுபாடு சிறியதன்று. நகல் எடுக்கும் இயந்திரத்தில் கெட்டித் தாளில் எடுத்துத் தருவது மலிவுதான். ஆயினும் அது கூடத்துச் சுவருக்கு உரியதன்று.

இரண்டாவது, நாம் கொடுக்கும் படம். நான்குக்கு ஆறு அங்குல அளவு தெளிவாக அமைய, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 1200க்கு 1800 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பிய படம் சுருங்கிவிடும். மூலக் கோப்பையே கொடுப்பது நலம். செல்பேசிப் படங்கள் பெரும்பாலும் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் அமைவன. அகலவாக்கில் எடுத்த படத்தைக் காகிதம் முழுதும் நிரப்பி அச்சிட்டால், மேலும் கீழும் வெட்டுப்படும். பின்வரிசையில் நிற்கும் உயரமான சித்தப்பாவின் தலை போய்விடக்கூடும்! 'வெட்டாமல், ஓரம் விட்டு அச்சிடுங்கள்' என்று முன்னரே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, இரண்டு படங்களை மட்டும் மாதிரிக்கு அச்சிடச் செய்து, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முகத்தை வெளுப்பாக்கும் திருத்தத்தை வேண்டாமென்று மறுத்துவிடலாம். அம்மாவின் மாநிறம் அம்மாவினுடையதாகவே இருக்கட்டும்.

வாங்கிய படத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளாதபடி சற்று இடைவெளிவிட்டுச் சட்டமிட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுவோம். பின்புறம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் தமிழில் எழுதி வைப்போம். இங்கேயே பிறந்து வளரும் குழந்தை, 'இவர் யார், எந்த ஊர்?' என்று ஒருநாள் கேட்கும். பதில் சொல்ல நாம் இல்லாத காலத்தில், அந்த எழுத்துப் பதில் சொல்லும்.