மறக்கப்பட்ட பந்து வீச்சாளரின் கையொப்பங்கள்

(வில்கமுவ வாலிபர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நாம் கையொப்பம் சேர்க்கிறோம் என்றதும், "பிரட்மனுடையது இருக்கிறதா?" என்றே எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. பிரட்மன் கேட்டவர்க்கெல்லாம் சலிப்பின்றிக் கையொப்பமிட்ட மனிதர். அவருடையது உலகெங்கும் உண்டு. அமெரிக்காவிலே 1950-ஆம் ஆண்டுகளில் பேஸ்போல் பந்தெறிந்து, பெயர் நிலையாது போனவர்களைத் தேடிக் கையொப்பம் வாங்குவோர் இருக்கின்றனர். நமக்கு வாய்த்த ஆட்டம் கிரிக்கெட். ஆகவே நாம் தேடுவது அக்காலத்துப் பந்து வீச்சாளரை.

நம் நாட்டிலே பிறந்த காமினி குணசேனவை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அணியின் தலைவராயிருந்து, 1957-இல் லோர்ட்ஸ் மைதானத்தில் ஒக்ஸ்போர்டுக்கு எதிராக 211 ஓட்டங்கள் எடுத்தவர். நொட்டிங்ஹம்ஷயருக்காகச் சுழற்பந்து வீசினார். முதல்தரப் போட்டிகளில் 674 விக்கெட்டுகள். டெஸ்ட் ஒன்றேனும் ஆடவில்லை! இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து 1981-இல் வந்தபோது அவருக்கு வயது ஐம்பது. 2011-இல் மறைந்தார்.

கடல் கடந்து சென்னைக்குப் போனால் ஏ. ஜி. ராம்சிங். 1934 நவம்பரில், ரஞ்சிக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில், சேப்பாக்கத்திலே மைசூருக்கு எதிராக 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகள் வீழ்த்தினார். ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. அவருக்கும் அதிகாரபூர்வமான டெஸ்ட் கிட்டவில்லை. அவர் மைந்தர் கிருபால் சிங், மில்கா சிங் இருவரும் ஆடினர். தந்தை மகிழ்ந்திருப்பாரா, உள்ளூர ஏங்கியிருப்பாரா? நமக்கு அடிக்கடி எழும் கேள்வி இது. ஹரியானாவின் ராஜிந்தர் கோயலோ 750 விக்கெட்டுகள் எடுத்தும் வெளியிலேயே நின்றார். அவர் காலத்தில் பேடியும் இடக்கைச் சுழலராய் இருந்ததே காரணம். 2020-இல் கோயலும் போய்விட்டார்.

இவர்கள் ஒவ்வொருவராய்ப் போகின்றனர் என்பதை நாம் படித்து அறியவில்லை, பட்டே அறிந்தோம்.

கொழும்பிலே ஒரு முதியவர்; இலங்கைக்காகச் சில ஆட்டங்களில் மட்டும் பந்து வீசியவர். பெயர் வேண்டாம். அவருக்குக் கடிதம் எழுதினோம். தடித்த அட்டைத் துண்டு ஒன்றும், நம் விலாசம் எழுதி முத்திரை ஒட்டிய உறை ஒன்றும் உள்ளே வைத்தோம். (எழுதுவோர் இதை மறவாதீர்கள், ஓய்வூதியத்தில் வாழ்பவரிடம் தபாற் செலவு வாங்குவது அழகல்ல. ஒன்றுக்கு மேல் கேட்பதும் அழகல்ல.) எல்லாம் ஆயிற்று. ஆனால் ஹெட்டிபொலவுக்குப் போய்த் தபாலில் சேர்க்க நாளை, மறுநாள் என்று மூன்று வாரம் கடத்திவிட்டோம். வயல் வேலை, மழை என்று சாக்குகளுக்குக் குறைவில்லை.

பதில் அவர் மகளிடமிருந்து வந்தது. நம் கடிதம் சேருவதற்கு ஒன்பது நாள் முன்னரே தந்தையார் காலமாகிவிட்டார். தபாலில் ஒருவரும் அவரிடம் கையொப்பம் கேட்டதில்லையாம். இருந்திருந்தால் இக்கடிதத்தை அயல் வீடெல்லாம் கொண்டுபோய்க் காட்டியிருப்பாராம். நாம் அனுப்பிய உறைக்குள்ளேயே, அவர் கையொப்பமிட்ட பழைய சந்தாப் பற்றுச்சீட்டு ஒன்றை வைத்திருந்தார். தொகை ஐந்து ரூபா.

அச்சீட்டு இப்புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. இப்பொழுது வரிசையாகக் கொடுக்கிறோம். ஈரக்கையால் தொடவேண்டாம், மை கரையும். பழைய பந்து வீச்சாளர் எவருடைய விலாசமேனும் தெரிந்த பெரியோர் இன்றிரவே சொல்லுங்கள். நாளைக் காலைப் பேருந்தில் ஹெட்டிபொலவுக்குப் போகிறோம்.