ஊர்ப்பற்றும் ஊர்க்கணக்கும்



பிழைப்பை நாடி வெளியூர் சென்றவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, பிறந்த ஊரின் பெயரால் அறம் செய்வது தமிழரிடையே நெடுநாளாக உள்ள வழக்கம். அத்தகைய சங்கம் நிலைத்து நிற்க எது வேண்டும் என்பதைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

இன்றைய தென்காசி மாவட்டத்திலுள்ள கடையநல்லூரிலிருந்து கடல் கடந்து சென்ற மக்கள், 1941-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் சங்கத்தை நிறுவினர். மறு ஆண்டே அந்நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. போர் முடிந்தபின், 1946-இல், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரால் அவர்கள் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். அப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. எனினும், 1983-இல் அமைந்த தமிழ் மொழி நிலையம் அப்புலவரின் பெயரையே தாங்கி வருகிறது. உழைத்துப் பிழைத்த மக்களின் சிறு தொகைகள் சேர்ந்தால் எத்துணைப் பெரும்பணி இயலும் என்பதற்கு இஃதொரு சான்று.

இனி, இயலாமற்போன ஒரு பணியைச் சொல்கிறேன். அதன் பிழை என்னுடையது.

உத்திரமேரூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் நான் ஆசிரியனாக இருந்தேன். 1994-ஆம் ஆண்டில், சென்னையில் வேலை பார்த்துவந்த எங்கள் ஊர் இளைஞர்கள், ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்க மாதந்தோறும் ஆளுக்குப் பத்து ரூபாய் அனுப்பத் தொடங்கினர். பணத்தைச் செலவிடும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு காசும் தவறாகச் செலவிடவில்லை. ஆயினும், துண்டுத் தாள்களில் குறித்து வைத்தேனே தவிர, முறையாகக் கணக்கு எழுதவில்லை.

மூன்றாம் ஆண்டில், என் பழைய மாணவர் ஒருவர் கணக்குக் கேட்டார். "என்னையா ஐயுறுகிறாய்?" என்று சினந்தேன். "ஐயா, நான் உங்களை நம்புகிறேன். என்னிடம் பணம் கொடுத்தவர்களுக்கு நான் எதைக் காட்டுவேன்?" என்றார் அவர். என்னிடம் விடையில்லை. பணம் வருவது நின்றது. அடுத்த ஜூன் மாதத்தில் வெறுங்கையுடன் வகுப்பில் அமர்ந்த பிள்ளைகளின் முகங்கள் இன்றும் என் கண்முன் நிற்கின்றன.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல்வெட்டை எத்தனையோ முறை மாணவர்க்குக் காட்டியவன் நான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்டது அது. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை முறையால் உறுப்பினரைத் தெரிந்தெடுத்தனர். ஏரியைக் காக்கும் வாரியத்துக்கு அறுவர். நிலமற்றோர்க்கும் பெண்டிர்க்கும் அம்முறையில் இடமில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. ஆனால் ஒரு விதியை எண்ணிப் பாருங்கள்: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய உறவினர் பெயரையும் குடத்தில் இடலாகாது. அவர் திருடினாரா என்று அவ்விதி கேட்கவில்லை. கணக்குக் காட்டினாரா என்றே கேட்கிறது. அவ்விதியின்படி என் பெயர் குடத்தில் விழுந்திராது.

பிறகு, கடைச் சீட்டுகளைத் தேடியெடுத்து மூன்றாண்டுக் கணக்கையும் எழுதினேன். சீட்டில்லாத செலவை என் கைப்பணத்தால் ஈடுசெய்து, ஒவ்வொருவருக்கும் படி அனுப்பினேன். சிலர் மீண்டும் சேர்ந்தனர், பலர் சேரவில்லை. உடைந்த நம்பிக்கை எளிதில் ஒட்டுவதில்லை.

இன்று தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, பதிவுபெற்ற சங்கங்கள் ஆண்டுக் கணக்கை அளிக்கவேண்டும் என்கிறது. இதை வெறும் அலுவலகச் சடங்கு என எண்ணாதீர்கள். தொலைவிலிருந்து கொடுப்பவன் ஊரைக் கண்ணால் காண்பதில்லை. கணக்கின் வழியாகவே காண்கிறான்.

நாளை நீங்களும் வெளியூர் செல்வீர்கள், ஊரை நினைப்பீர்கள், நாலு பேர் கூடிப் பணம் திரட்டுவீர்கள். முதல் ரூபாயைப் பெறும் அன்றே கணக்கின் முதல் வரியையும் எழுதிவிடுங்கள். யாரேனும் கேட்டால் சினவாதீர்கள். நன்றி கூறிக் காட்டுங்கள்.