கிணற்றுப் பனையும் கரையான் புற்றும்



காஞ்சிபுரம் மாவட்டத் தென்னேரிப் பக்கம் போனால் இரண்டு விதமான நெசவைப் பார்க்கலாம். வீட்டுக்குள் பட்டுத்தறி. வெளியே, கிணற்றின் மேல் சாய்ந்த பனையோலையில் தூக்கணாங்குருவிக் கூடு. இந்த நெசவாளிக்குத் தறியும் கிடையாது, நாடாவும் கிடையாது. நெல்தாளையும் ஓலையையும் இழை இழையாகக் கிழித்து வந்து அலகாலேயே முடிச்சுப் போடும். ஒரு கூட்டுக்கு 500 தடவை வரை பறக்குமாம். நெய்வது ஆண் குருவி. பாதிக் கூடு வந்ததும் பெட்டை வந்து பார்க்கும். பிடித்தால்தான் மீதி வேலை. நம் வழக்கத்தில் பெண் பார்க்கப் போவோம். இங்கே பெண்ணே வீடு பார்க்க வருகிறது! பெட்டை குடியேறியதும் ஆண் அடுத்த கூட்டையும் அடுத்த துணையையும் தேடிப் போய்விடும். இதைக் கண்டு 1931இல் எழுதியவர் பறவையியலாளர் சாலிம் அலி.

அந்தக் கிணற்றை ஒட்டிய வரப்பில் கரையான் புற்றோரம் வெயில் காய்வது உடும்பு. ஐந்தடிக்கு மேலும் வளரும். வண்டு, நண்டு, எலி எல்லாம் தின்னும். எட்டினால் பறவை முட்டையையும் விடாது.

உயிரினங்களின் அழிவு அபாயத்தைக் கணிக்கும் உலகச் சிவப்புப் பட்டியலில் உடும்பு அச்சுறுத்தலை நெருங்கிய இனம். தூக்கணாங்குருவிக்கு ஆபத்தில்லை என்கிறது அதே பட்டியல். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை.

உடும்பைக் கறிக்காகவும் எண்ணெய்க்காகவும் பிடிக்கிறார்கள். கச்சேரியில் நாம் தலையாட்டிக் கேட்ட கஞ்சிராவில் பலாக்கட்டை வளையத்தின் மேல் இழுத்துக் கட்டியதும் உடும்புத் தோல்தான். இப்போது ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் வந்துவிட்டன. பணம் சேர்க்கும் வேர் என்று ‘ஹத்தா ஜோடி’ விற்கிறார்களே, அது வேரே இல்லை. ஆண் உடும்பின் குறியை உலர்த்தியது. ஆனால் உடும்பைப் பிடிக்கும் இந்தக் கைகளைப் பிடிக்கச் சட்டம் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

குருவியை யார் கொல்கிறார்கள்? யாரும் இல்லை. பனை செங்கல் சூளைக்குப் போகிறது, வயல் மனைக்கட்டாகிறது, அவ்வளவுதான். இதற்கு யார் மேல் வழக்குப் போடுவது? இமயமலை அடிவாரப் புல்வெளியில் தூக்கணாங்குருவியின் உறவுக் குருவி ஒன்று உண்டு. புல்வெளி போனதும் அதுவும் போய்க்கொண்டிருக்கிறது. அதே சிவப்புப் பட்டியல் இன்று அதை அழியும் நிலையில் வைத்திருக்கிறது.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. உங்கள் நிலத்துப் பனைக்கு யாராவது விலை பேச வந்தால், முதலில் அண்ணாந்து பாருங்கள். கூடு தொங்கினால் அந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.