வைரத்தில் தண்ணீர் ஒட்டுமா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒன்பதாம் வகுப்பில் கார்பனின் புறவேற்றுமை வடிவங்களை நடத்திக்கொண்டிருந்தேன். "வைரத்து மேல தண்ணி ஊத்துனா ஒட்டுமா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "கண்ணாடி மாதிரிதான், ஒட்டிப் பரவும்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். மாலையில் படித்துப் பார்த்தபோதுதான் நான் சொன்னது தவறு என்று தெரிந்தது.

தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் 1890களின் இறுதியில் ஒரு முறை புழக்கத்துக்கு வந்தது. உடைத்த பாறைத் துகள்களை நீரோடு கலந்து, மசகு பூசிய சாய்வான மேசைமீது ஓடவிடுவார்கள். சாதாரணக் கற்கள் நனைந்து நீரோடு போய்விடும். வைரத்தை நீர் நனைக்காது. அது மசகில் ஒட்டி நின்றுவிடும். மசகைச் சுரண்டி உருக்கினால் வைரம் கைக்கு வரும்.

இதற்குக் காரணம் மேற்பரப்பில் இருக்கிறது. வைரத்துக்குள் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அணுக்களைப் பிடித்திருக்கிறது. விளிம்பில் உள்ள கார்பனுக்கோ ஒரு கை சும்மா இருக்கும். அந்தக் கையை ஹைட்ரஜன் பிடித்தால், அப்பரப்பில் முனைவுத்தன்மை மிகக் குறைவு. நீர் ஒதுங்கித் துளியாகத் திரளும். ஆக்சிஜன் பிடித்தால் நீர் மூலக்கூறுகள் ஈர்க்கப்பட்டுப் பரவும். மீத்தேன், ஹைட்ரஜன் வாயுக்களைக் கொண்டு ஆய்வகத்தில் வளர்க்கும் வைரப் பூச்சின் மேல் ஹைட்ரஜனே இருக்கும். அது நீரை விலக்கும். அதே பூச்சை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் வைத்து எடுத்தால் நீரை ஏற்கும். உள்ளே இருப்பது அதே வைரம்தான். மேலே உள்ள ஓர் அணு அடுக்கு மட்டுமே மாறியிருக்கிறது.

மறுநாள் நான் அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளை தவறான விடையை வாழ்நாள் முழுக்கச் சுமந்திருப்பாள். "நேற்று நான் சொன்னது தவறு" என்று சொல்லித்தான் வகுப்பைத் தொடங்கினேன்.

வைரத்துக்கு எங்கே போவது? ஒரு கண்ணாடித் துண்டை இடுக்கியால் பிடித்து, மெழுகுவத்திச் சுடரில் காட்டிக் கரி படியவிட்டோம். ஆறியபின் மை நிரப்பியால் ஒரு துளி நீர் விட்டோம். தாமரை இலையில் உருள்வதுபோலத் துளி உருண்டது. கரி படியாத கண்ணாடியில் பரவியது. கரியில் நீர் உருள்வதற்கு, துகள்களின் இடையில் சிக்கிய காற்றும் காரணம். வைரத்தின் கதை அப்படியே இதுவல்ல என்பதையும் சொன்னேன். ஆனால் நீரோடு உறவாடுவது மேற்பரப்பே என்பது இரண்டுக்கும் பொது. விரல் பட்டதும் கரி அழிந்தது. "வைரப் பூச்சுன்னா அழியாதுல்ல டீச்சர்?" என்றாள் அதே மாணவி. உறுதியான பூச்சுக்கு ஆய்வாளர்கள் வைரத்தை நாடுவதன் காரணத்தை அவளே சொல்லிவிட்டாள்.

முதல் நாள் ஒரு கை உயர்ந்தது. அன்று ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. தவறைத் திருத்திக்கொள்ளும் ஆசிரியரிடம் கேள்வி கேட்கப் பிள்ளைகள் பயப்படுவதில்லை என்பதே நான் கற்ற பாடம்.