இதுவும் ஒரு பழங்கற்படி



இந்தப் பனமலை மாநாட்டுக்குத் தலைமை ஏற்க வேண்டும் என்று கடிதம் வந்தபோது மகிழ்ச்சியோடு கலக்கமும் வந்தது. நான் கல்வெட்டு படிக்கிறவன். ‘இணையமும் தமிழர் வாழ்வும்’ என்ற தலைப்பில் என்னைவிட ஆழமாகப் பேசக்கூடியவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் பொறுமையோடு கேட்க வேண்டும்.

1999 சென்னை மாநாட்டில் பிறந்த தமிழ் விசைப்பலகை, எழுத்துருக் குறியீடுகளுக்காக நாம் நடத்திய நீண்ட வாதம், 2017 சனவரியில் கைப்பேசி வழியே மெரினாவில் திரண்ட கூட்டம் எல்லாம் இந்த அவைக்குத் தெரிந்தவை. பிள்ளைகளின் தூக்கம், பெண் பார்க்கும் முறை, திருவிழா வசூல் வரை எது எப்படி மாறியது என்பதற்குத் தனித்தனிக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவற்றை நான் முந்திக்கொண்டு சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: வந்த செய்தியை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது. ஊரில் இதை ‘ஃபார்வர்ட்’ என்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் சங்கிலி அஞ்சலட்டைகளைச் சான்றாக வைத்து ஒரு கட்டுரை படித்தேன். அமர்வுக்குத் தலைமை வகித்த பெரியவர், அவை ஆவணம் ஆகா, குப்பை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அவருடைய பதிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நான் எழுத்துக் கூட்டக் கற்றேன். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால் அன்று அவர் சொன்னது தவறு. அதை இன்று, நிதானமாக, காரணத்தோடு சொல்ல விரும்புகிறேன்.

அந்த அட்டைகள் இங்குள்ள மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அனுப்புநர் பெயர் இருக்காது. ஏதோ ஒரு மலைக்கோயிலில் பாம்பு வந்து அர்ச்சகரிடம் பேசி மறைந்தது என்று தொடங்கும். இதை 21 பேருக்கு எழுதி அனுப்பியவருக்குச் சீட்டில் பரிசு விழுந்தது, அசட்டை செய்தவர் வீட்டில் சாவு விழுந்தது என்று முடியும். எங்கள் வீட்டுக்கு ஒன்று வந்தபோது அட்டை 15 காசு. 21 அட்டைக்கு 3 ரூபாய் 15 காசு. அம்மா அதை நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிழித்துப்போட மனம் வரவில்லை, அவ்வளவுதான். எழுதும் வேலை என்னுடையது. ஏழெட்டு அட்டைக்குள் விரல் நோக ஆரம்பித்துவிடும். அதைவிடப் பெரிய வேலை யாருக்கு அனுப்புவது என்பது. ‘பெரியப்பா வீட்டுக்கு வேண்டாம், பாட்டி படுக்கையில் கிடக்கிறார், பயந்துவிடுவார்’ என்றார் அம்மா. இன்னொரு பெயருக்கு, ‘அவருக்கு வேண்டாம், கடவுள் மறுப்புக்காரர், திட்டுவார்.’ கடைசியில் பதினொன்றுதான் போயிற்று. மறுவாரமே சித்தி வந்து, இது உன் கையெழுத்துதானே என்று என் காதைத் திருகினார்.

என் சான்று அந்த அட்டையில் எழுதியிருந்தது அன்று. எழுதாமல் விட்ட பத்து அட்டைகளும், சித்தி கண்டுபிடித்த கையெழுத்தும்தான். படியெடுக்க ஒரு மாலைப்பொழுது செலவானது. அந்த மாலைக்குள் யாருக்கு வேண்டாம் என்று ஒரு தாய் யோசித்தார். எழுதியவர் யார் என்பது பெயர் போடாமலே தெரிந்தது.

இணையம் வந்துதான் தமிழர் வதந்திக்கு ஆட்பட்டார்கள் என்று எழுதுகிற நண்பர்களுக்கு ஒரு தேதியை நினைவூட்டுகிறேன். பிள்ளையார் பால் குடித்தது 1995 செப்டம்பர் 21. அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது அதே ஆண்டு ஆகஸ்ட் 15. இடையில் ஐந்து வாரம். அந்த நாளில் நாடு முழுக்கப் பாத்திரத்தோடு கோயில் வாசலில் நின்றவர்களில் இணையத்தைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுகளே அந்தச் செய்தியை ஒரு பகலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. வேகம் முன்பே வந்துவிட்டது.

இதைச் சொன்னதும் எதிர் அணியினர் மகிழ்ந்துவிடக் கூடாது. எல்லாம் பழையதுதான், புதிதாக எதுவும் நடக்கவில்லை என்று அவர்கள் எழுதுவதையும் என்னால் ஏற்க முடியாது. 2018 மே 9 அன்று நமக்குப் பக்கத்து மாவட்டத்தில், போளூரை அடுத்த அத்திமூரில் நடந்தது என்ன? சென்னையிலிருந்து குலதெய்வத்தைக் கும்பிடக் காரில் வந்த ஒரு குடும்பம். வழியில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள் என்று ஊர் திரண்டது. 65 வயதுப் பெண்மணி அடித்துக் கொல்லப்பட்டார். குலதெய்வத்துக்கு வந்த வெளியூர்க்காரருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்து எந்த வகையறா என்று கேட்பது நம் பக்கத்து வழக்கம். அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட அன்று நேரம் இல்லாமல் போயிற்று.

பிள்ளை பிடிக்கிறவன் பயம் பழையது. பாலத்துக்கு நரபலி என்று சொல்லி நம் பாட்டிகள் நம்மை வீட்டுக்குள் வைத்தார்கள். ஆனால் அந்த மாதங்களில் நாடு முழுக்கச் சுற்றிய படம் ஒன்றைப் பாருங்கள். கராச்சியில் ஒரு தொண்டு அமைப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த குறும்படம் அது. பைக்கில் வந்தவர்கள் குழந்தையைத் தூக்கிப் போவார்கள். உடனே திரும்பி வந்து இறக்கிவிட்டு, ஓர் எச்சரிக்கை அட்டையைப் பிடிப்பார்கள். சுற்றிய படியில் அந்தக் கடைசிப் பகுதி இல்லை. யாரோ வெட்டியிருந்தார்கள். எடுத்தவர் யார், எதற்காக எடுத்தார் என்பது அந்தப் பகுதியில்தான் இருந்தது.

இந்த இடத்தில் என் துறைக்குப் போகிறேன், மன்னிக்க வேண்டும். படியெடுப்பது நமக்குப் புதிதா? இதே பனமலையில், இராசசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் மேலே நிற்கும் இந்தக் குன்றில், ஒரு குகையில் ஒரு வடமொழிச் செய்யுள் வெட்டப்பட்டிருக்கிறது. காஞ்சியில் அவன் பொறித்த கல்வெட்டின் கடைசிச் செய்யுளும் இதுவும் ஒன்றே என்று தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில், 1890இல், கல்வெட்டறிஞர் ஹுல்ட்சு காட்டினார். இந்த ஒற்றுமையை வைத்துத்தான் இந்த இடமும் இராசசிம்மனுடையது என்று அவர் முடிவு செய்தார். மாமல்லபுரத்தில் கணேச ரதத்திலும் தருமராச மண்டபத்திலும் ஒரே கல்வெட்டு இருமுறை வெட்டப்பட்டிருக்கிறது. நெஞ்சில் உருத்திரனுக்கு இடம் தராதவரைச் சபிக்கும் செய்யுளும் அதில் உண்டு. அந்தச் சாபம் வேறு குகைகளிலும் திரும்ப வருகிறது. படியும் உண்டு, சாபமும் உண்டு. அந்த அட்டைகளைக் குப்பை என்றவர் இந்தச் சாபங்களையெல்லாம் கவனமாகப் பதிப்பித்தவர் என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் நம் முன்னோர் படியெடுத்த முறையைக் கவனியுங்கள். திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். மகன் காலத்தில் அவை புதுச் சுவரில் மறுபடி ஏறின. இப்படி மறுபடி வெட்டிய கல்வெட்டுகளில் பல ஊர்களில் ஒரு சிறு தொடரைப் பார்க்கிறோம்: ‘இதுவும் ஒரு பழங்கற்படி.’ இது நான் எழுதியது அன்று, பழைய கல்லிலிருந்து எடுத்தது என்று கல்தச்சன் ஒப்புக்கொள்கிறான். ஆவணங்களின் அடியில் ‘இவை என் எழுத்து’ என்று ஒருவர் பின் ஒருவராக ஒப்பமிட்டு நிற்கிறார்கள். நம்மில் பலர் படிக்கும்போது இந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறோம். அரசனின் ஆட்சியாண்டு கிடைத்ததும் அடிப்பகுதி சலித்துவிடுகிறது. நானும் இருபது ஆண்டு அப்படித்தான் தாண்டினேன். பழங்கற்படி என்ற சொல் எங்கெங்கே வருகிறது, எந்தக் கோயிலில் எந்தத் தலைமுறை அதைச் சொல்லாமல் விட்டது என்று இன்னும் ஒருவரும் முழுமையாகத் தொகுக்கவில்லை என்பது நம் துறையின் குறை. அத்திமூருக்குப் பிறகுதான் அந்த வரியின் எடை எனக்கு உறைத்தது.

2018 சூலையில், இப்படிப்பட்ட கொலைகள் பல நடந்த பிறகு, வாட்ஸ்அப் நிறுவனம் தள்ளிவிடப்பட்ட செய்திகளின் தலையில் ‘ஃபார்வர்டட்’ என்று போடத் தொடங்கியது. ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று இந்தியாவுக்கு வரம்பும் கட்டியது. கல்தச்சன் தானாகச் செய்ததை உயிர்ப்பலிக்குப் பிறகு ஒரு கம்பெனி செய்தது. அதுவும் அரைகுறை: படி என்று சொல்கிறது, எந்தக் கல்லின் படி என்று சொல்வதில்லை.

இது கருவியின் இயல்பு, மாற்ற முடியாது என்பவர்களுக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைத் திறந்து பாருங்கள். நூலுக்கு முன்னால், யார் தட்டெழுதினார், யார் மெய்ப்புப் பார்த்தார் என்று பெயர்கள் நிற்கும். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, ஊதியமின்றி உழைத்தவர்களின் ‘இவை என் எழுத்து’ அது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் மாற்றிய கணக்கும் நேரமும் பதிவாகின்றன. தமிழ் இணையத்தின் முதல் தலைமுறை ஒப்பமிட்டுத்தான் எழுதியது. அந்த ஒழுக்கத்தைக் கைவிட்டவர்கள் நாம்.

நாம் என்றுதான் சொல்கிறேன். மேலே கோயிலின் சிற்றாலயத்துச் சுவரில் குடைநிழலில் ஒரு காலை மடித்து நிற்கும் தேவியின் ஓவியம் இருக்கிறது. அவளைத் தேடிக்கொண்டு இன்று இளைஞர்கள் வருகிறார்கள். இணையத்தில் சுற்றும் படங்களே அவர்களைக் கொண்டுவருகின்றன, அதில் எனக்கு மனநிறைவு. ஆனால் அந்தப் படங்களில் பலவற்றில் ஆண்டு இல்லை, எடுத்தவர் பெயர் இல்லை. சிலவற்றில் நிறம் கூட்டப்பட்டிருக்கிறது. உதிர்ந்துகொண்டிருக்கும் ஓவியத்துக்கு ஆண்டு இல்லாத படத்தால் என்ன பயன்? எந்தச் சிவப்பு பல்லவனுடையது, எந்தச் சிவப்பு கைப்பேசியுடையது என்று நாளை எப்படிப் பிரிப்பது?

இந்த மாநாட்டுக்கு வந்த கட்டுரைகளை நேற்றிரவு படித்தேன். அவற்றில் சிலவற்றில் இந்த ஓவியத்தின் படமும் வேறு கல்வெட்டுகளின் படங்களும் இருக்கின்றன. கீழே ‘இணையத்திலிருந்து’ என்று மட்டும் குறிப்பு. அவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் இளையவர்கள், உழைப்பாளிகள். அவர்களைத் தனியே சுட்ட மாட்டேன். அமர்வுகள் தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. மலையேற அது போதும். படத்தை நீங்களே எடுங்கள், தேதியும் பெயரும் எழுதுங்கள். முடியாதவர்கள் யாருடைய படியிலிருந்து எடுத்தீர்கள் என்பதை மையால் எழுதி என்னிடம் தாருங்கள். நான் இந்த மேசையிலேயே இருக்கிறேன்.