விளங்காத மொழியில் வழங்கும் தீர்ப்பு
(தண்டலத்தில் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)

  

திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் நாளும் உழைக்கின்ற உங்கள்முன் அமெரிக்கத் தீர்ப்பொன்றைப் பற்றிப் பேச விழைகின்றேன். அவ் வழக்கில் நின்றவனும் ஓர் உழைப்பாளியே.

புவேர்த்தோ இரிக்கோவினின்று நியூயார்க்கு மாநிலத்துக்குப் பிழைக்க வந்தவன் அவன், ஆங்கிலம் அறியான். 1967-இல் அவன்மீது கொலைவழக்கு நடந்தது. அரசுத் தரப்புச் சான்றாளர் 14 பேருள் 12 பேர் ஆங்கிலத்தில் பேசினர். அவனுக்கென அமர்த்தப்பட்ட வழக்கறிஞர்க்கோ இசுபானியம் தெரியாது. அவன் பேசியது மன்றத்துக்காக மொழிபெயர்க்கப்பட்டது. மன்றத்தில் பேசப்பட்டதோ அவனுக்கு உடனுக்குடன் பெயர்த்துச் சொல்லப்படவில்லை. தண்டனை மட்டும் தவறாது வந்தது!

1970-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு மன்றம், 'நெக்ரோன் எதிர் நியூயார்க்கு' வழக்கில் அத் தண்டனை செல்லாதென்று உறுதிசெய்தது. தனக்கு எதிராகச் சொல்லப்படுவது விளங்காதவன், உடலால் மன்றத்தில் இருந்தும் இல்லாதவனே என்பதே அத் தீர்ப்பின் உட்கிடை. 1978-இல் கூட்டாட்சி மன்றங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்ச் சட்டமும் இயற்றப்பட்டது.

வேற்றுமொழி மன்றத்தில் நின்ற தனியொருவனுக்கு அவ்வுரிமை கிட்டிற்று. தன் மண்ணிலேயே பெருந்தொகையினராய் வாழும் தமிழனுக்கு நிலை என்ன?

கீழமை முறைமன்றங்களில் தமிழுக்கு இடமுண்டு. 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், 1976-இல் திருத்தப்பட்டு அதற்கு வழிசெய்தது. ஆனால் வேலைநீக்க வழக்கொன்று உயர்முறைமன்றம் ஏறியவுடன், அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் பிரிவு குறுக்கே நிற்கின்றது. அங்கு ஆங்கிலமே மொழி. வேலையிழந்தவன் தன் வாழ்வைப் பற்றிய வாதத்தைப் பின்னிருக்கையில் அமர்ந்து ஊமைபோற் கேட்கின்றான்.

இதற்குத் தீர்வும் அப் பிரிவிலேயே உண்டு. குடியரசுத் தலைவரின் முன்னிசைவோடு ஆளுநர், மாநில ஆட்சிமொழியை உயர்முறைமன்ற நடவடிக்கைகளில் வழங்க ஒப்பளிக்கலாம். 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டப்படி, ஆங்கிலப் பெயர்ப்போடு தீர்ப்பையும் அம்மொழியில் எழுதலாம். இவ் வழியே இராசசுத்தான் 1950-இலும், உத்தரப் பிரதேசம் 1969-இலும், மத்தியப் பிரதேசம் 1971-இலும், பீகார் 1972-இலும் இந்தியைப் பெற்றன.

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006 திசம்பரில் தமிழுக்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2012 அத்தோபரில் உச்சமுறைமன்ற நடுவர்களின் முழுக்கூட்டம் அதனை ஏற்கவில்லை. மீண்டும் வேண்டியபோது, 2016 சனவரியிலும் ஏலாது என்றே விடை வந்தது. தலைமை நடுவரின் இசைவு வேண்டுமென்பது அரசமைப்புச் சட்டம் விதித்ததன்று. மொழிப்போர் நடந்த அதே 1965-இல் நடுவண் அமைச்சரவை எடுத்த முடிவே அது!

வெளிமாநில நடுவர்க்குத் தமிழ் தெரியாதே என்பர். அந்த நான்கு மாநிலங்களுக்கும் வெளிமாநில நடுவர் செல்லத்தான் செய்கின்றனர். கலைச்சொல் இல்லையென்பர். உச்சமுறைமன்றமே தன் தீர்ப்புகளுள் பலவற்றைத் தமிழில் வெளியிடுகின்றதே! இல்லாதது சொல்லன்று; மனமே.

தோழர்களே! கீழமை மன்றங்களில் கிடைத்துள்ள உரிமையை முதலில் முழுமையாய்ப் பயன்படுத்துங்கள். மனுவையும் சான்றுரையையும் தமிழிலேயே அளியுங்கள். தீர்ப்பையும் தமிழில் கேளுங்கள். கீழே வழங்காத மொழியை மேலே கேட்க நமக்கு வலிமை இராது. கீழே வேரூன்றிய மொழியை மேலே தடுக்க எவர்க்கும் காரணம் இராது.

வெல்க தமிழ்!