விடுமுறைக்கு ஊர் வந்த பிள்ளை

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



'கல்வியும் சமுதாய முன்னேற்றமும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்திருந்தார்கள். அப்பொருள் பற்றி நான் பலமுறை பேசியிருக்கிறேன். நீங்களும் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். இரு தரப்பாரும் பெரிதாகப் பயனடைந்ததாகத் தெரியவில்லை. ஆதலின் இன்று அவர்தம் இசைவோடு ஒரே ஒரு கோடை விடுமுறையைப் பற்றி மட்டும் பேச விழைகிறேன். அது 1987ஆம் ஆண்டின் கோடை. அப்போது நான் பி.ஏ. முதலாண்டுத் தேர்வு எழுதி முடித்திருந்தேன். பெரும்பாக்கத்தில் எங்கள் காலனியிலிருந்து கல்லூரிக்குச் சென்ற முதற்பிள்ளை நான்.

சைதாப்பேட்டையில் எம்.சி. இராஜா பெயரால் அமைந்த மாணவர் விடுதியில் தங்கிப் படித்தேன். அப்பெருமகனார் 1883ஆம் ஆண்டு இதோ நம் பரங்கிமலையில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராய்ப் பணி தொடங்கிச் சென்னைச் சட்டமன்றம் வரை சென்றவர். அவர் பெயரை நாள்தோறும் விடுதி முகவரியில் எழுதிய நான், அவர் யார் என்று அந்த ஓராண்டும் ஒருவரையும் கேட்டதில்லை. மாணவப் பருவத்தின் அறியாமை அத்தகையது.

தேர்வு முடிந்ததும் விடுதியை அடைத்துவிடுவார்கள். தகரப் பெட்டியுடன் மேடவாக்கம் கூட்டு ரோட்டில் பேருந்தை விட்டிறங்கி, பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். இருமருங்கும் அறுவடை முடிந்த வயல்கள். அப்பால் ஏரிக்கரைப் பனைகள். வடக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு. இன்று அவ்வழியில் அடுக்குமாடிகளைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. இளைஞர்கள் நம்பமாட்டீர்கள், நரி ஊளையிடும் ஒலியைக் கேட்டவாறு உறங்கிய ஊர் இது.

முதல் பத்து நாட்கள் இன்பமாகவே கழிந்தன. நீர் வற்றிய ஏரியில் இடுப்பளவுச் சேற்றில் இறங்கிக் கெளுத்தியும் குறவையும் கையால் பிடித்தோம். நுங்கு சீவித் தின்றோம். கேழ்வரகுக் கூழுக்குச் சுட்ட கருவாட்டைத் தொட்டுக்கொண்டோம். விடுதிச் சாப்பாட்டில் ஓராண்டு வாடிய நாவுக்கு அது என்ன சுவை! இவற்றை விரித்துரைத்தால் பொழுது போதாது. மேலும், மீன் பிடித்த கதையை எவரும் உள்ளபடி சொல்வதில்லை.

பதினோராம் நாள் என்று நினைக்கிறேன், பள்ளித் தேர்வு முடிவுகள் வெளியாயின. அந்நாளில் முடிவுகள் மாலைச் செய்தித்தாளில் வரும். பெயர் இராது, எண் மட்டுமே. பொடி எழுத்தில் பக்கம் பக்கமாய் எண்கள். ஒருவர் மேடவாக்கம் சென்று தாளை வாங்கி வந்தார். தேர்வு எழுதியிருந்த பிள்ளைகளின் பெற்றோர் அனைவரும் அதை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்கள். அரிக்கேன் விளக்கைச் சுற்றி நின்ற அத்தனை முகங்களும் என் விரல் நுனியையே நோக்கின. ஒரு பிள்ளையின் எண்ணுக்கு முன்னெண்ணும் இருந்தது, பின்னெண்ணும் இருந்தது, அவ்வெண் இல்லை. அவன் தாய் என்னைப் பார்த்து, "இன்னொரு தரம் பாரு கண்ணு, நீ படிச்ச பிள்ளை" என்றார். நான் பார்த்தால் எண் முளைத்துவிடும் என்று அவர் நம்பினார். படிப்பு என்பது என் சொந்த உடைமை அன்று என்பதை முதன்முதலில் அன்றிரவுதான் உணர்ந்தேன்.

அடுத்து, தண்ணீர். கோடையில் ஏரி வறண்டதும் எங்கள் பெண்டிர் ஏரிக்குள்ளேயே குழி தோண்டி, ஊறும் நீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் ஆகும். ஊர்த்தெருக் கிணற்றுக்குப் போகும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஏன் இல்லை என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லார்க்கும் உரியவை என்ற தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது 1924இல். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடுமுறையும் தாகமும் என்றதும் இன்னொரு பயணம் நினைவுக்கு வருகிறது. 1901ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், தந்தை வேலை பார்த்த ஊருக்குப் புத்தாடை உடுத்திப் புறப்பட்ட சிறுவர்களுள் ஒருவர் அண்ணல் அம்பேத்கர். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபின், அவர்கள் இன்ன சாதி என்றறிந்த வண்டிக்காரர் எவரும் ஏற்ற மறுத்தனர். இருமடங்கு கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிச் செல்ல, வண்டிக்காரன் உடன் நடந்து வந்தான். கையில் உணவு இருந்தும், குடிக்கத் தண்ணீர் கிடைக்காமையால் இரவெல்லாம் உண்ணாமல் கிடந்தனர். விசாவுக்காகக் காத்திருத்தல் என்று பொருள்படும் நூலில் அண்ணலே இதனை எழுதியிருக்கிறார். அவர் மறைந்து நெடுங்காலம் சென்று, 1990இல்தான் அது அச்சேறியது. ஆகவே 1987இல் எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் ஒருவேளை என் மனுவை வேறுவிதமாகத் தொடங்கியிருப்பேன்.

மனுவைப் பற்றிச் சொல்கிறேன். ஆண்டுதோறும் கோடையில் ஜமாபந்தி நடைபெறும். பசலி ஆண்டு ஜூன் திங்களோடு முடிவதால், அதற்குமுன் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்து மக்களிடம் மனுக்களும் பெறுவார்கள். கைப்பம்பு வேண்டி ஒரு மனு எழுதும்படி என் தந்தையார் கூறினார். நான் தமிழிலக்கியம் படித்தவனல்லவா! 'தங்கள் பொற்பாதங்களைப் பணிந்து, ஏழையேங்கள் கண்ணீர் மல்க' என்று இரண்டு பக்கம் எழுதித் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படித்தேன். என் ஆயா வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டார்கள். படித்து முடித்ததும், "ஏன்டா கண்ணு, தண்ணி கேட்டு எழுதினியா, பிச்சை கேட்டு எழுதினியா?" என்றார்கள். ஒரு பள்ளியின் வாயிலையும் மிதியாத கிழவி!

அதைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதினேன். காலனியில் 46 வீடுகள். தண்ணீர் எடுக்கும் இடம் இது. நடக்கும் தொலைவு இது. பம்பு போடத் தக்க புறம்போக்கு இடத்தின் சர்வே எண் இது. பதினோரு வரிகளில் முடிந்துவிட்டது. வீட்டுக்கு ஒருவராக 46 பேர் கையொப்பமிட வேண்டும். கையொப்பம் தெரிந்தவர்கள் 9 பேர் மட்டுமே. மற்றவர்க்குக் கைநாட்டு. ஜமாபந்திக்கு இன்னும் 17 நாட்கள் இருந்தன. எனக்கு என்ன துணிவோ தெரியவில்லை, "கைநாட்டு வேண்டாம், எல்லோரும் பெயர் எழுதப் பழகுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

இரவுதோறும் வேப்பமரத்தடியில் வகுப்பு நடந்தது. பலகை போதாமையால் மணலில் எழுதினோம். அண்டை வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமி விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிறகு விளக்கை என்னிடம் தந்துவிட்டுப் பெண்களுக்கு அவளே கற்பிக்கலானாள். ஆடவர்க்கு நான், பெண்டிர்க்கு அவள். நாற்றுப் பறித்துக் காய்ப்பேறிய விரல்கள் பேனாவை மண்வெட்டி போல் இறுகப் பிடிக்கும். என் தாயாருடைய பெயர் நான்கே எழுத்து. கடைசி எழுத்தின் மெய்ப்புள்ளியை மட்டும் ஒவ்வொரு நாளும் மறந்துவிடுவார்கள். மறந்ததை நான் சுட்டினால், "அது என்னாத்துக்கு, புள்ளி வெக்காட்டி நான் வேற ஆளா ஆயிடுவனா?" என்பார்கள். நான் இதுகாறும் கற்பித்த இலக்கணங்களில் இத்துணை கடினமான வினாவை எதிர்கொண்டதில்லை.

இறுதியில் 9 பேரோடு புதிதாக 21 பேர் கையொப்பமிட்டனர். 16 கைநாட்டுகள் எஞ்சின. ஆயாவுடையது அவற்றுள் ஒன்று.

மனு கொடுத்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். எழுத்தர் அதை வாங்கிக் கட்டின்மேல் எறிந்தார். இதற்குமுன் என் தந்தையார் கொடுத்த மனுக்களும் அவ்வாறே எறியப்பட்டவை. வணங்கித் திரும்பிவிடுவது அவர் வழக்கம். இம்முறை நான் படியை நீட்டி, எண்ணும் தேதியும் இட்டு ஒப்புதல் தருமாறு கேட்டேன். குரல் நடுங்கியது. "யார் எழுதியது?" என்றார். "நான்தான் ஐயா, பி.ஏ. படிக்கிறேன்" என்றேன். சற்று நேரம் பார்த்துவிட்டு முத்திரை குத்தித் தந்தார். வெளியே வந்ததும் தந்தையார் அந்தத் தாளைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். ஊர் வரும்வரை என்னிடம் தரவில்லை.

இவை பழங்கதை என்று நீங்கள் கருதலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து குடியமர்த்தப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இன்று நம் பெரும்பாக்கத்தில் மாடிவீடுகளில் வாழ்கின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் ராம்சர் பட்டியலில் ஏறி உலகப் புகழ் பெற்றுவிட்டது. ஆனால் என் பள்ளிக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் பெற்றோர், கைப்பேசியை என்னிடம் நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு சார்?" என்றுதான் கேட்கிறார்கள். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள், முதல் பட்டதாரிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை, புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் ஆகிய எல்லாம் கோடையிலேயே கண் திறக்கின்றன. பெயரில் ஓரெழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பிவிடுகிறது. என் தாயாரின் மெய்ப்புள்ளி இன்று வேறு ஆளாக்கித்தான் விடுகிறது! சங்கக் கட்டடத்தின் முன்னறையில் ஞாயிறுதோறும் காலை ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போட்டிருக்கும். ஒரு நாற்காலி என்னுடையது. மற்ற மூன்றில் அமர விடுமுறைக்கு வந்துள்ள நீங்கள் பெயர் கொடுக்கலாம்.

பம்பு என்னவாயிற்று என்று முன்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். மனு ஒன்றிய அலுவலகத்திற்குப் போயிற்று. இரண்டு முறை நினைவூட்டினோம். மறு ஆண்டு தை மாதம் போட்டார்கள். அப்போது நான் விடுதியில் இருந்தேன். செய்தி ஓர் அஞ்சலட்டையில் வந்தது. எழுதியவள் விளக்குப் பிடித்த அச்சிறுமி. 'அண்ணா பம்பு போட்டாங்க. தன்னி வருது. ஆயா மொதல்ல அடிச்சாங்க' என்று மூன்றே வரி. அதன்கீழ் என் தாயாரின் கையொப்பம், புள்ளியோடு. அந்த அட்டையை இன்று கொண்டுவந்திருக்கிறேன். மலர்க் குழுவினர் அச்சிடக் கேட்டிருக்கிறார்கள். 'தன்னி' என்பதைத் திருத்தாமல் அச்சிடுவதாக வாக்களித்தால் தருகிறேன்.